ஊர் சுற்றிப் பார்த்த கடிதங்கள்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸ் பட்டணம் பாதிக்கு மேல் காலியான அந்தச் சித்திரை மாதத்தை நம் வயசுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டிலும் யாராவது வந்து இறங்கியிருப்பார்கள். ராஜபாளையம் ஸ்டேஷனில் அப்போது குவிந்த டிரங்குப் பெட்டிகளை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தையல் மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் இறங்கினார். கிளிக்கூண்டோடு ஒருத்தர். எங்கள் வீட்டுக்குச் சித்தி வந்தாள். ஒரு பெட்டி, ஒரு மாதா படம், சுருட்டிய பாய் ஒன்று, அவ்வளவுதான் அவள் கொண்டுவந்தது.

இதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்ல ஆரம்பித்தால் "குண்டு விழுந்துச்சா இல்லியா ஆச்சி?" என்றுதான் கேட்கிறார்கள். விழவில்லை என்றதும் எழுந்து போய்விடுகிறார்கள். நீங்கள் போக மாட்டீர்கள். போனாலும் நம் காலுக்கு அதிக தூரம் போக முடியாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். இதை வீட்டில் யாருக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை. கோயிலில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

சித்தி என்பது என் அப்பாவின் தம்பி மனைவி. சுந்தரபாண்டியத்துப் பெண். வயற்காட்டில் வளர்ந்தவள், பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். கல்யாணமாகி இரண்டு வருஷம் மெட்ராஸில் குடித்தனம். சித்தப்பா அங்கே துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளைப் பார்த்து நோட்டில் கோடு போடுகிற உத்தியோகம். யுத்த காலத்தில் துறைமுகத்து ஆட்கள் வேலையை விட்டு நகரக்கூடாது. அதனால் பெண்டாட்டியை மட்டும் அண்ணன் வீட்டுக்கு ரயிலேற்றிவிட்டார்.

மண்ணடியில் அவர்கள் இருந்தது ஒண்டுக்குடித்தனம். ஒரு வளவுக்குள் பதினோரு வீடு, ஒரே குழாய். "நான் தும்முனா ஒன்பதாம் வீட்டுக்காரி நூறு வயசுன்னுவா" என்பாள் சித்தி. புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு வார்த்தை அந்தரங்கமாகப் பேச வழி கிடையாது. அதற்குச் சித்தப்பா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அரண்மனைக்காரத் தெருவில் அந்தோணியார் கோயிலில் பூசை கண்டதும், வீட்டுக்குத் திரும்பாமல் இருவரும் ஊர் பார்க்கப் புறப்பட்டுவிடுவார்கள். ஹைகோர்ட்டு, அதன் உச்சியில் இருக்கிற லைட் ஹவுஸ், கோட்டைச் சுவர், கடற்கரை, மூர் மார்க்கெட், உயிர் காலேஜ், செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலைக்கும் மியூசியத்துக்கும் அப்போது அதுதானே பெயர். அவ்வளவு ஜன நெருக்கடியில் யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள் இல்லையா, அங்கேதான் அவர்கள் தாராளமாகப் பேசிக்கொண்டார்கள். இது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. மெட்ராஸ் பார்க்க அவ்வளவு அழகு போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

சித்தி வந்த ஒரு வாரத்தில் எங்கள் வீட்டுப் புறவாசல் மெட்ராஸ் ஆகிவிட்டது. ஆட்டுரல்தான் ஹைகோர்ட்டு. கிணறு துறைமுகம். துவைகல்லிலிருந்து முருங்கை மரம் வரைக்கும் அரண்மனைக்காரத் தெரு. மாட்டுக் கொட்டில் உயிர் காலேஜ். சித்தி சட்டி பானை துலக்கிக்கொண்டே வழி சொல்வாள், நான் நடக்க வேண்டும்.

"ஏட்டி, நில்லு. டிராம் வருது. வலது கையி பக்கம் பாரு, ஆர்மீனியாக்காரன் கோயிலு. உள்ள போனா தரையெல்லாம் கல்லறக் கல்லு. எழுத்து வெட்டிக் கெடக்கும். மிதிக்கவே எனக்குக் கூசும்."

"மிதிக்காம எப்படி சித்தி போவீக?"

"ஒங்க சித்தப்பா கையப் புடிச்சுக்கிட்டு ஓரமாவே போவேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டியை மும்முரமாகத் தேய்ப்பாள்.

உயிர் காலேஜில் ஒரு கிழட்டுச் சிங்கம் உண்டாம். எப்போது போனாலும் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் படுத்திருக்குமாம். இவர்களும் சலிக்காமல் அதன் முதுகையே பார்த்துவிட்டு வருவார்களாம். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அத்தை ஒரு நாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஏமே, ஒரலச் சுத்திச் சுத்தி வாறியே, வேண்டுதலா?" என்று கேட்டாள். ஹைகோர்ட்டு பார்க்கிறேன் என்றேன். கிறுக்கு என்று நினைத்திருப்பாள்.

எனக்கு அம்மா இருந்தாள். இருந்தாளே தவிர இடுப்பில் ஒன்று, தொட்டிலில் ஒன்று, அடுப்பில் ஒன்று. என் தலையை வாரிவிட அவளுக்கு எங்கே நேரம். சித்தி வந்த பிறகுதான் எனக்குத் தினமும் இரட்டைச் சடை. ஐப்பசியில் எனக்குப் புது நன்மை. முதல்முதலாக நன்மை வாங்குகிற பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைக்க வேண்டும் அல்லவா, அதைத் தானே தைப்பதாகச் சித்தி சொல்லிவிட்டாள். மூர் மார்க்கெட்டில் வாங்கிய லேஸ் இரண்டு முழம் பெட்டியில் வைத்திருந்தாள். அந்த லேஸை நான் எத்தனை முறை எடுத்துத் தொட்டுப் பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஊரில் வேறு எந்தப் பிள்ளைக்கும் மெட்ராஸ் லேஸ் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கேடும் இதிலிருந்துதான் வந்தது.

இனி கடிதத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் கூட்டுக் குடும்பத்தில் புருஷன் வெளியூரில் இருந்தால் பெண்டாட்டிக்கு நேராகக் கடிதம் போட மாட்டான். போட்டால் சிரிப்பார்கள். வீட்டுக்குப் பெரியவருக்குத்தான் எழுத வேண்டும். பெண்டாட்டி பெயரைக்கூட அதில் எழுதக்கூடாது. சித்தப்பாவும் அந்த முறைப்படிதான் எழுதினார். மேலே 'சேசு மரி சூசை' என்று போட்டு, "அன்புள்ள அண்ணன் அவர்களுக்குத் தம்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் க்ஷேமம். அவ்விடம் தாங்களும் மதினியும் குழந்தைகளும் மற்றும் அங்குள்ளோரும் க்ஷேமத்துக்கு எழுதவும்" என்று ஆரம்பிக்கும். தாலி கட்டிய பெண்டாட்டி அந்த 'மற்றும் அங்குள்ளோர்' என்பதற்குள் இருந்தாள்.

அப்பா மில்லில் மேஸ்திரி. புருவமெல்லாம் பஞ்சோடு வருவார், குளித்துவிட்டு முன்னறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கடிதத்தைப் பிரிப்பார். மேற்றிராணியார் என்கிற பிஷப்பின் நிருபத்தைப் பூசையில் வாசிப்பதுபோல அவ்வளவு கம்பீரமாக வாசிப்பார். அம்மா நிலைப்படியில் நிற்பாள். சித்தி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். மூத்தார் எதிரே வந்து நிற்கிற வழக்கமில்லை. வாசித்து முடித்ததும் சுவரில் தொங்குகிற கம்பியில் கடிதத்தைக் குத்திவைத்துவிடுவார்.

முதல் கடிதத்தில் க்ஷேமம் எழுதிய கையோடு சித்தப்பா எழுதியிருந்தார்: "சென்ற ஞாயிறு பூசை கண்டு ஹைகோர்ட்டு வரை நடந்தேன். சிவப்புக் கட்டடம் அப்படியே நிற்கிறது. லைட் ஹவுஸில் விளக்கு இல்லை. தெருவில் ஈ காக்கை கிடையாது." இரண்டாவதில், "உயிர் காலேஜில் சிங்கம் புலிகளையெல்லாம் சுட்டுவிட்டார்கள் என்கிறார்கள். குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்று பயமாம். நான் போய்ப் பார்த்தேன். கூண்டு காலியாக இருந்தது" என்று இருந்தது. கதவுக்குப் பின்னால் சித்தி மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது.

மூன்றாவது கடிதத்தில் மூர் மார்க்கெட்டும் கோட்டைச் சுவரும் வந்தபோது அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அம்புட்டுப் பேரும் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஓடுதான். இவன் அங்க போனேன் இங்க போனேன்னு எழுதுதான். சர்க்கார் இவனுக்குச் சம்பளம் குடுக்கது ஊர் சுத்திப் பாக்கதுக்கா?"

"சின்ன வயசு" என்றாள் அம்மா.

"சின்ன வயசுதான். பொறுப்பு வேண்டாமா? ஒரு ஊரு அழியப்போகுதுன்னு கெடக்கையில வேடிக்க என்னத்துக்கு?"

ஊர் சுற்றுவதை நிறுத்தச் சொல்லி அவரே பதில் எழுதினார். சித்தப்பா நிறுத்தவில்லை. அதனால் அப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டார். க்ஷேமத்தை வாசிப்பார், வேலை பற்றி இரண்டு வரி வாசிப்பார், "மிச்சமெல்லாம் ஊர் சுத்துன கதை" என்று சொல்லிக் கம்பியில் குத்திவிடுவார். என் அப்பா கெட்டவர் இல்லை. தம்பியை வளர்த்து ஆளாக்கினவர். ஒரு வேலைக்காரன் வேலை நேரம் போக என்ன செய்கிறான் என்பதை வைத்துத்தான் மில்லில் அவர் ஆளை எடைபோடுவார், தம்பியையும் அப்படியே போட்டார். தம்பி அண்ணனுக்கு எழுதவில்லை, கதவுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு எழுதுகிறான் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. எனக்கு மட்டும் தோன்றியதா என்ன, எழுபதைத் தாண்டிய பிறகு தோன்றியது.

அப்பா வாசிப்பதை நிறுத்திய மறுநாள் மத்தியானம் சித்தி என்னைக் கூப்பிட்டாள். அப்பா மில்லில், அம்மா பிள்ளையோடு தூங்குகிறாள்.

"ஏட்டி, நீ நாலாப்பு படிக்கெல்ல? கூட்டெழுத்து வாசிப்பியா?"

"வாசிப்பேன்."

"அந்தக் கம்பியில மேலாக்க இருக்க காயிதத்த எடுத்துட்டு வா. ஒங்கம்மா முழிக்கதுக்குள்ள வச்சிருவோம்."

ஆட்டுரல் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். மாவு அரைக்கிற சாக்கில் அவள் குழவியை மெதுவாகச் சுற்றிக்கொண்டே கேட்டாள். "பூக்கடை வழியாக வந்தேன். கதம்பம் கட்டுகிறவள் இன்னும் போகவில்லை" என்று ஒரு வரி. அவ்வளவுதான். அதற்குக் குழவி நின்றுவிட்டது. "அவகிட்டதான் எனக்கு வாங்குவாக" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் குழவி திரும்பவும் ஓடியது. அன்றிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் அப்பா வாசிக்காத பாகத்தை நான் வாசித்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய மனுஷி ஆகிவிட்ட நினைப்பு.

ஆடி மாதம் சித்திக்குச் சாப்பாடு குறைந்துபோயிற்று. கன்னம் ஒட்டிவிட்டது. அம்மாவும் அப்பாவும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதை நான் கேட்டேன்.

"மெட்ராஸ்ல ஊர் சுத்திப் பழகுன காலு. இங்க அடைஞ்சு கெடந்தா ஏங்கத்தான செய்வா" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு மனசு இளகிவிட்டது. "அம்புட்டுத்தானா? நம்ம பக்கம் பாக்கதுக்கு எடமா இல்ல? ஞாயித்துக்கெழம ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிட்டுப் போவோம். வேத்துச் சாமி தேருன்னாலும் அதப் பாக்காம ஒருத்தி சாகக்கூடாது."

பெட்ரோல் கிடைக்காத காலம். கரியைப் போட்டு எரிக்கிற பஸ்ஸில் போனோம். பின்னால் அண்டா மாதிரி ஒன்று கட்டியிருக்கும், அதைக் கிளீனர் இறங்கி இறங்கிக் கிண்டிவிடுவான். வழியில் இரண்டு இடத்தில் நின்று போயிற்று. அப்பா அன்றைக்குப் போல் உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, தான் கட்டிய ஊர் போல ஒவ்வொன்றையும் காட்டினார். கோபுரம் பாரு, எத்தனை நிலை எண்ணு என்றார். ஆடிப்பூரத் தேர் நிலையில் நின்றது, அதன் சக்கரம் அப்பாவை விட உயரம். ஊரே சேர்ந்து இழுத்தாலும் ஒரு சுற்று வர எத்தனை பாடு என்று சொன்னார். திருமுக்குளத்துப் படியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். அம்மாவுக்கே கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் ஊர் பார்த்தல். அவள் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுப் புளியோதரையை நிதானமாகச் சாப்பிட்டாள்.

சித்தியும் எல்லாவற்றையும் பார்த்தாள். "நல்லாருக்கு அக்கா" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியாக நாயக்கர் மகாலுக்குப் போனோம். பழைய அரண்மனை. அதில்தான் கோர்ட்டு நடந்தது. "ஏட்டி, ஒஞ் சித்திட்ட சொல்லு. மெட்ராஸ்ல மட்டுந்தான் கோர்ட்டு இருக்குன்னு நெனைக்க வேண்டாம், இங்கயும் இருக்கு" என்று அப்பா சிரித்தார். சித்தி அண்ணாந்து அதன் கூரையைப் பார்த்தாள். பார்த்தபடியே அழ ஆரம்பித்துவிட்டாள். விம்மல் தாங்காமல் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "கோர்ட்டப் பாத்து அழுத பொம்பளைய நான் இன்னைக்குத்தான் பாக்கேன். என்ன காட்டுனாலும் மெட்ராசுக்கு ஈடாகாதாம். பவுசு" என்றார். அதோடு அவளை அவர் மனதிலிருந்து ஒதுக்கிவைத்துவிட்டார். பாவம், அவரும்தான் அன்றைக்கு ஆசையாகப் போனார்.

ஆவணியில் அந்தக் கடிதம் வந்தது.

வழக்கம்போல் அப்பா நாலு வரியோடு நிறுத்தினார். வழக்கம்போல் மறுநாள் மத்தியானம் நான் எடுத்துவந்தேன். சித்தி ஆட்டுரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், மடியில் என் வெள்ளைக் கவுன். கழுத்து வெட்டி முடித்து, கைக்கு லேஸை வைத்து ஊசியால் ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசித்தேன்: "ஞாயிற்றுக்கிழமை கோட்டைச் சுவரோரமாக நடந்து கடற்கரைக்குப் போனேன். ஜனங்கள் மறுபடியும் வந்து உட்காருகிறார்கள்."

அடுத்த வரிகள் வாய்க்கு வருவதற்கு முன் கண்ணுக்கு வந்துவிட்டன. "ஊரை விட்டுப் போனவர்கள் பெரும்பாலும் குடும்பத்தைத் திரும்ப அழைத்துவந்துவிட்டார்கள். எங்கள் வளவில் எல்லா வீடும் திறந்தாயிற்று. எங்கள் வீட்டில் மட்டும்தான் விளக்கேற்றப் பெண் பிள்ளை இல்லை. நான் தனியாக உட்கார்ந்து பார்க்க அந்தக் கடற்கரையில் ஒன்றும் இல்லை, அண்ணா."

அண்ணனிடம் பெண்டாட்டியை அனுப்பு என்று கேட்பது ஒரு தம்பிக்கு அழகில்லை. அண்ணனாகப் பார்த்து அனுப்ப வேண்டும். சித்தப்பாவால் அதற்கு மேல் கேட்டிருக்க முடியாது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது. ஆனால் அதை வாசித்தால் சித்தி போய்விடுவாள் என்று தெரிந்தது. பாதி தைத்த கவுன் தெரிந்தது. லேஸ் தெரிந்தது. மறுபடியும் என் தலையை யாரும் வாரமாட்டார்கள் என்பது தெரிந்தது.

"அம்புட்டுத்தான் சித்தி" என்றேன்.

"அம்புட்டுத்தானா?"

"ஆமா."

"கடற்கரைக்குப் போனவிய வேற ஒண்ணும் எழுதலியா?"

"இல்ல."

அவள் ஊசியில் நூல் கோக்க இரண்டு மூன்று தரம் முயன்றாள். பிறகு என்னிடம் கொடுத்துக் கோக்கச் சொன்னாள். கோத்துக் கொடுத்தேன். கடிதத்தைக் கொண்டுபோய்க் கம்பியில், மற்றதற்கெல்லாம் அடியில் போட்டுக் குத்திவைத்தேன்.

அப்பா சித்தப்பாவுக்கு என்ன பதில் எழுதினாரோ தெரியாது. அந்த வரிகளை அவர் கண்ணால் பார்த்தாரா, ஊர் சுற்றின கதை என்று தாண்டிவிட்டாரா, அதுவும் தெரியாது. புரட்டாசியில் வந்த கடிதங்களில் ஹைகோர்ட்டு இல்லை, கோட்டை இல்லை, பூக்கடை இல்லை. க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும், அவ்வளவுதான். அப்பா திருப்தியாகத் தலையை ஆட்டினார். "இப்பத்தான் மனுசனாயிருக்கான்" என்றார். நான் வாசிக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் சித்தி ஒவ்வொரு தடவையும் கடிதத்தை எடுத்துவரச் சொல்லி, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்வாள். ஒரு தரம் கேட்டாள்: "ஞாயித்துக்கெழம ஒரு எடத்துக்கும் போகலியா அவிய? எங்கூடப் பேச்சே இல்லாமப் போச்சே." பேச்சு என்றுதான் சொன்னாள். அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. புது நன்மைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

நன்மை வாங்குவதற்கு முந்தின நாள் முதல் பாவசங்கீர்த்தனம். சாமியாரிடம் மண்டியிட்டு, வெல்லம் திருடியதைச் சொன்னேன், தம்பியைக் கிள்ளியதைச் சொன்னேன், செபத்தில் தூங்கியதைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. பொய் சொன்னது பாவம் என்று தெரியும். வாசிக்காமல் விட்டது பாவமா என்று அன்று எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் ஆசைப்படவில்லை. மறுநாள் மெட்ராஸ் லேஸ் வைத்த கவுனில் நான்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் நடந்தேன். சித்தி முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

கார்த்திகை பிறந்ததும் ஒரு கார்டு வந்தது. எழுத்து சித்தப்பாவுடையது இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாரோ எழுதியிருந்தார். காய்ச்சல் கண்டு பத்து நாளாகிறது, இப்போது தேவலை, கவலைப்பட வேண்டாம் என்று இருந்தது. "தேவலைன்னுதான் எழுதியிருக்கு" என்று அப்பா அதைக் கம்பியில் குத்தப் போனார்.

அப்போது அடுக்களைக் கதவு திறந்தது. சித்தி வெளியே வந்து அப்பாவுக்கு எதிரே நின்றாள். அதுவரை அந்த வீட்டில் அவள் குரலை அவர் நேருக்கு நேர் கேட்டதில்லை.

"அத்தான், என்னைய இன்னைக்கு ராத்திரி ரயிலுக்கு அனுப்பி வைங்க. கூப்பிட்டாலும் கூப்பிடாட்டாலும் நான் போகணும்."

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவரே துணைக்குக் கிளம்பினார். நான் அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் வரை போனேன். சொல்லிவிட வேண்டும் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ரயில் வந்ததும் என் சடையைத் தொட்டு, "நாளைக்கு அம்மாவ வாரிவிடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள்.

பதினோரு நாள் சித்தப்பாவோடு இருந்தாள். பன்னிரண்டாம் நாள் தந்தி வந்தது. அவளாலும் அப்பாவாலும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. முன்பே போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை, காய்ச்சல் யாரைக் கேட்டு வருகிறது. ஆனால் ஆவணியிலிருந்து கார்த்திகை வரைக்கும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று எனக்கு எண்ணத் தெரியும். எண்ணாத வருஷம் இல்லை.

மார்கழியில் அப்பா அவளைத் திரும்பக் கூட்டிவந்தார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் இல்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து யாரிடம் என்று இல்லாமல் சொல்லிக்கொண்டேயிருந்தார். "அனுப்புன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா நான் அனுப்பியிருக்க மாட்டேனா? எழுதலியே. எழுதலியே பாவி." அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் கம்பியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொங்கலுக்கு முந்தின ஒரு மத்தியானம் சித்தி கம்பியையே மொத்தமாகக் கழற்றி எடுத்துக்கொண்டு புறவாசலுக்கு வந்தாள். "ஏட்டி, வா. எல்லாக் காயிதத்தையும் ஆதியிலருந்து வாசி. ஒண்ணு விடாம வாசி. எனக்கு இனிமே அவிய பேசுனது இதுல உள்ளதுதான்" என்றாள்.

வாசித்தேன். ஹைகோர்ட்டு வந்தது. சிங்கமில்லாத கூண்டு வந்தது. கதம்பம் கட்டுகிறவள் வந்தாள். ஒவ்வொன்றுக்கும் சித்தி தலையை ஆட்டினாள், ஓரிடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள். முதலிலேயே அடியிலிருந்து உருவி ஒதுக்கிவைத்திருந்த அந்தக் கடிதத்துக்கு வந்தேன். ஒரு தரம் விட்டதை மறுபடியும் விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. என்ன நினைத்தேன் என்று இப்போது எனக்கு ஞாபகமில்லை. வாசித்துவிட்டேன். எல்லா வீடும் திறந்தாயிற்று என்பதை வாசித்தேன், விளக்கேற்றப் பெண் பிள்ளை இல்லை என்பதை வாசித்தேன், தனியாக உட்கார்ந்து பார்க்க அந்தக் கடற்கரையில் ஒன்றும் இல்லை என்பதையும் வாசித்தேன்.

சித்தி கடிதத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது எப்ப வந்தது?"

"ஆவணியில சித்தி."

"அன்னைக்கு இத நீ வாசிக்கல."

"வாசிக்கல."

"ஏன்னு கேக்கல" என்றாள். பிறகு, "இன்னொருக்க வாசி" என்றாள்.

வாசித்தேன். இன்னொருக்க என்றாள். மூன்றாம் தரம் வாசிக்கும்போது அவள் உதடும் கூடவே அசைந்தது. நாலாம் தரம் வாசிக்கச் சொல்லவில்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் என்னை அடிக்கவில்லை, யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. முப்பது வருஷம் எங்கள் வீட்டில் இருந்தாள். மறுநாளும் எனக்குத் தலை வாரிவிட்டாள், கல்யாணத்தன்றைக்கும் அவள்தான் வாரினாள், என் பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். சுந்தரபாண்டியத்திலிருந்து அவள் அண்ணனுடைய கடிதம் வந்தால் மட்டும், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், வாசலுக்குப் போய்த் தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டு வாசித்துக் காட்டச் சொல்வாள்.